ஊர்ப் பெயரை வாங்கி ஏமாந்த கதை

போன மாதம் ஒரு தம்பி பத்து பாட்டில்களோடு வீட்டுக்கு வந்தார். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா என்று நாட்டுக்கு ஒன்று. "அண்ணே, ஒரே மாசத்துல உலகத்தையே சுத்திடலாம்னு பார்க்கிறேன்" என்றார். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. பாண்டிச்சேரியிலிருந்து பாரிசுக்கு வந்த புதிதில் நானும் இதே மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன்தான். உணவகத்தில் முதலில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் மேசை பார்த்தேன், அப்புறம்தான் ஒயின் பக்கம் வந்தேன். ஊரில் இருந்தவரை ஒயின் ஷாப் என்றால் ஒயின் இல்லாத கடை என்றுதான் எனக்குத் தெரியும்.

கிளாஸைத் தண்டில் பிடிக்க வேண்டும், விளிம்புவரை ஊற்றக் கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும். பணத்தைத் தின்னும் தவறுகள் வேறு.

நாட்டுக்கு ஒரு பாட்டில்

பத்து நாட்டு ஒயினை வரிசையாகக் குடித்தால் பத்தும் வேறு வேறாக இருப்பது மட்டும்தான் தெரியும். திராட்சை வேறு, மண் வேறு, வெயில் வேறு, வயது வேறு, செய்தவர் வேறு. எது மாறியதால் ருசி மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே திராட்சையைப் பிடித்துக்கொண்டு ஊரை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிரான்சில் சிரா என்பார்கள், ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்பார்கள். இரண்டும் ஒரே திராட்சை. வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் க்ரோஸ்-எர்மிதாஜ் ஒன்று, ஆஸ்திரேலியாவின் பரோஸா ஒன்று, நம் நாசிக் ஒன்று என மூன்றையும் ஒரே மாலையில் திறந்து வையுங்கள். முதலாவதில் பொடித்த மிளகு வாசனை வரும். கற்பனை இல்லை. மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. குளிர்ந்த இடங்களில் அது கூடுதலாகச் சேரும். வெயில் அதிகமான பரோஸாவில் பழம் நன்றாகக் கனிந்து ஜாம் போல இருக்கும், ஆல்கஹால் 14, 15 சதவீதம் வரை போகும். நாசிக்கில் கணக்கே வேறு. மழைக்காலம் முடிந்தபின் கொடியைக் கவாத்து செய்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடையை முடித்துவிடுவார்கள். ஐரோப்பாவில் கொடி உறங்கும் மாதங்களில் இங்கே பழம் கனிகிறது.

திறந்த பாட்டில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. நாலு பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்து குடியுங்கள்.

யாருடையது என்று பார்க்காமல் வாங்குவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

வேலையில் முதல் சம்பள உயர்வு வந்தது. பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டியைப் பற்றி அப்போதுதான் படிக்க ஆரம்பித்திருந்தேன். அங்கே நிலத்துக்குத்தான் தரம். அடியில் வட்டாரத்தின் பெயர் மட்டும் போட்ட ஒயின், அதற்கு மேலே ஊர்ப் பெயர், அதற்கு மேலே பிரமியே க்ரூ, உச்சியில் கிராண்ட் க்ரூ. மொத்த விளைச்சலில் கிராண்ட் க்ரூ நூற்றுக்கு இரண்டு பங்குகூட வராது. சரி, ஒரு தடவையாவது உச்சியைப் பார்த்துவிடுவோம் என்று 110 யூரோ கொடுத்து ஒரு க்ளோ த வூஜோ வாங்கினேன். அம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தில் பாதி அது. நண்பர்கள் நாலு பேரை வீட்டுக்கு அழைத்தேன். மனைவி கோழி சமைத்தாள். கார்க்கைத் திறந்து ஊற்றினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒருவன் மெதுவாக, "இதுதானா?" என்றான்.

தண்ணீர் கலந்த மாதிரி இருந்தது. புளிப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

மறுநாள் உணவகத்தில் என் மேலாளரிடம் புலம்பினேன். அவர் நாற்பது வருடமாக ஒயின் பரிமாறியவர். "யாருடையது?" என்று கேட்டார். "க்ளோ த வூஜோ" என்றேன். "அது சரி, யாருடையது?" என்று திரும்பவும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்க் குப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து லேபிளைப் பார்க்க வேண்டியிருந்தது. 110 யூரோ கொடுத்து வாங்கிய ஒயினைச் செய்தது யார் என்று நான் படிக்கக்கூட இல்லை.

நான் படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது இதுதான். க்ளோ என்றால் மதில் சூழ்ந்த தோட்டம். சீத்தோ மடத்தின் சிஸ்டர்சியன் துறவிகள் உருவாக்கிய தோட்டம் இது. 14-ஆம் நூற்றாண்டில் சுற்றிலும் மதில் எழுந்தது. ஏறக்குறைய 50 ஹெக்டேர், நம் கணக்கில் 125 ஏக்கர். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்திடமிருந்து பறிக்கப்பட்டது. அதன் பிறகும் ஒரே உடைமையாகவே இருந்து, 1889-இல் பலருக்குப் பிரித்து விற்கப்பட்டது. அப்புறம் விற்பனை, வாரிசு, பாகப்பிரிவினை. 1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த சட்டத்தின்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அதனால் ஒரு தலைமுறைக்கு ஒரு வரப்பு கூடிக்கொண்டே போகும். இன்று அந்த மதிலுக்குள் சுமார் 80 உடைமையாளர்கள் இருக்கிறார்கள். ஆளுக்குச் சராசரியாக ஒன்றரை ஏக்கர். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டும்தான்.

பங்காளிகள் நிலம் பிரித்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை. மேட்டுப் பங்கும் பள்ளத்துப் பங்கும் ஒன்றாகுமா? தோட்டத்தின் மேல்பகுதியில் சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண், தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். கீழே நெடுஞ்சாலை ஓரம் களிமண், மழை பெய்தால் ஈரம் தங்கும். மேல்பகுதி ஒயினைப் போப்பாண்டவருக்கும், நடுப்பகுதியை அரசருக்கும் கொடுத்துவிட்டு, கீழ்ப்பகுதியைத் துறவிகள் தாங்களே வைத்துக்கொண்டார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். 1937-இல் சட்டம் போட்டபோது இந்த மேடு பள்ளத்தைப் பார்க்கவில்லை. மதிலுக்குள் இருப்பது முழுவதும் கிராண்ட் க்ரூ என்று எழுதிவிட்டார்கள்.

மண்ணாவது பரவாயில்லை, ஆள் அதைவிட முக்கியம். ஒருவர் கொடிக்கு ஐந்து குலை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுவார். பக்கத்து வரிசைக்காரர் தொங்குவதையெல்லாம் பறிப்பார். இரண்டு பாட்டிலிலும் அதே பெயர்தான் இருக்கும்.

அந்த வாரக் கடைசியில் மேலாளர் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். மதிலுக்கு வெளியே இருக்கும் நிலம், வெறும் ஊர்ப் பெயர் போட்ட லேபிள், விலை 35 யூரோ. சிவப்புப் பழமும் ஈர மண்ணும் சேர்ந்த வாசனை; விழுங்கிய பிறகும் வெகுநேரம் வாயிலேயே இருந்தது. "நீ மதிலை வாங்கியிருக்கிறாய்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது தம்பியின் பையைப் பாருங்கள். அதில் ஒரு ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான் இருந்தது. "நெப்போலியன் குடிச்சதுண்ணே!" என்றார். நெப்போலியன் விரும்பிக் குடித்தது ஷாம்பெர்த்தான் என்ற தோட்டத்தின் ஒயின். அந்தத் தோட்டத்தின் புகழைப் பார்த்து, ஜெவ்ரே என்ற ஊர் 1847-இல் அதன் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. புலினி, ஷசாஞ் என்ற ஊர்களும் மோன்ராஷே தோட்டத்தின் பெயரை இப்படித்தான் ஒட்டிக்கொண்டன. லேபிளில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் ஒரு விலை, சின்னக் கோடு போட்டு ஊர்ப் பெயரும் சேர்ந்திருந்தால் வேறு விலை. ஊர் ஒயின் மட்டம் என்று சொல்லவில்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள் என்கிறேன்.

பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான போர்டோவுக்குப் போனால் இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். அங்கே 1855-இல் தரம் பிரித்தபோது நிலத்துக்குக் கொடுக்கவில்லை, ஷத்தோ எனப்படும் ஒயின் பண்ணையின் பெயருக்குக் கொடுத்தார்கள். ஷத்தோ பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் தரம் அப்படியே நிற்கும். இரண்டாம் தரத்திலிருந்த மூத்தோன் ரோத்ஷில்ட் 1973-இல் முதல் தரத்துக்கு ஏறியதைத் தவிர, பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை.

ஆகவே கடையில் பாட்டிலை எடுத்ததும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் சின்ன எழுத்துக்குப் போங்கள். பிரெஞ்சு லேபிளில் 'மிஸ் ஆன் புத்தேய் ஓ தொமேன்' என்றிருந்தால் விளைவித்தவரே பாட்டிலிலும் அடைத்திருக்கிறார். ஜெர்மன் லேபிளில் 'கூட்ஸ்ஆப்ஃப்யூலுங்' என்றிருக்கும். ஷாம்பெய்னில் பொடி எழுத்தில் ஆர்.எம். என்றிருந்தால் சொந்தத் திராட்சையில் செய்தவர், என்.எம். என்றிருந்தால் வெளியிலும் வாங்கிச் செய்யும் நிறுவனம். வாங்கிச் செய்கிறவர்களிலும் அருமையான கைகள் உண்டு. என்னை ஏமாற்றியதும் அப்படி வாங்கிச் செய்த ஒருவர்தான், ஆனால் அதற்காக எல்லோரையும் ஒதுக்கிவிடவில்லை. பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஊரில் ஒருவருடைய ஒயின் பிடித்தால், அவருடைய மலிவான பாட்டிலைத் தேடி வாங்குங்கள். இந்த ஒரு பழக்கம் எனக்கு அந்த 110 யூரோவைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

ஊரா, திராட்சையா

"எனக்கு ஷார்டனே பிடிக்காது, ஷாப்ளி மட்டும்தான் குடிப்பேன்" என்று மாதத்துக்கு ஒருவராவது மேசையில் சொல்வார். ஷாப்ளி என்பது ஊர், அந்த ஒயினில் இருப்பது ஷார்டனே திராட்சை மட்டும்தான். புயி-ஃப்யூமே என்றால் லுவார் நதிக்கரையின் சொவினியோன் ப்ளாங். புயி-ஃபுயிசே என்றால் தெற்குப் பர்கண்டியின் ஷார்டனே. இத்தாலியில் இன்னும் குழப்பம். மோன்தெபுல்சியானோ என்று டஸ்கனியில் ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊரின் 'வீனோ நோபிலே' சாஞ்சோவேசே திராட்சையில் செய்தது. மோன்தெபுல்சியானோ என்றே ஒரு திராட்சையும் இருக்கிறது, அது அப்ரூட்ஸோ பக்கத்தில் விளைகிறது. இரண்டுக்கும் உறவில்லை.

இதற்கெல்லாம் கூச்சப்படாதீர்கள். சிலி நாடே கார்மனேர் என்ற திராட்சையைப் பல காலம் மெர்லோ என்ற வேறு திராட்சை என்று நம்பி விற்றுக்கொண்டிருந்தது. 1994-இல் ஒரு பிரெஞ்சு நிபுணர் வந்து கொடியைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பழசு என்றால் உசத்தி

இல்லை. பெரும்பாலான பாட்டில்கள் இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்காகச் செய்தவை.

அறை வெப்பநிலை

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்பது ஹீட்டர் இல்லாத காலத்து ஐரோப்பிய வீட்டின் கணக்கு. 16, 18 டிகிரிதான் இருக்கும். மே மாதச் சென்னையின் அறையில் வைத்த சிவப்பு ஒயினில் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், யாரும் உங்களைத் தப்பாக நினைக்கமாட்டார்கள். வெள்ளை ஒயினைப் பனிக்கட்டி போலக் குளிர வைத்தால் வாசனை அடங்கிவிடும். எடுத்துப் பத்து நிமிடம் விட்டுக் குடியுங்கள்.

திருகுமூடி

கார்க் இல்லாமல் திருகுமூடி போட்டிருந்தால் மட்டமான ஒயின் என்று நினைக்காதீர்கள். நியூசிலாந்தின் நல்ல ஒயின்களில் பெரும்பாலானவை அதில்தான் வருகின்றன.

அடுத்தவர் மூக்கால் முகர்வது

புத்தகத்தில் இருக்கும் வாசனைப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். நியூசிலாந்தின் மார்ல்பரோ வட்டாரத்துச் சொவினியோன் ப்ளாங்கில் கூஸ்பெரி வாசனை என்று எழுதியிருக்கும். அகராதியைப் பார்த்தால் நெல்லிக்காய் என்றிருக்கும். நானும் இரண்டு மாதம் நெல்லிக்காயைத் தேடினேன். அவர்கள் சொல்வது முற்றிலும் வேறு செடியின் பழம், நம் பக்கம் விளைவதே இல்லை.

நம்மிடம் இருக்கும் சொற்களே போதும். டானின் என்றால் விழிக்கிறவர்களிடம் துவர்ப்பு என்று சொல்லுங்கள். பாக்கும் நாவல்பழமும் தின்று வளர்ந்த நாக்கு அது. இத்தாலியின் பரோலோ ஒயினைச் செய்யும் நெப்பியோலோ திராட்சை நிறத்தில் வெளிறியிருந்தாலும், பாக்கைக் கடித்தது போல ஈறைப் பிடிக்கும். கம்பம் பன்னீர் திராட்சையின் மணம் தெரியுமா? அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்து மஸ்கட் ஒயினை முகரும்போது அந்தப் பன்னீர் மணம் தூரத்து உறவு மாதிரி எட்டிப் பார்க்கும்.

தெரிந்த வாசனையே சில சமயம் காலை வாரியும் விடும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கின் பழைய ரீஸ்லிங் வெள்ளை ஒயின் ஒன்றைப் பாதாள அறையிலிருந்து எடுத்து வரச் சொன்னார்கள். திறந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய். ரேஷன் கடை வாசலில் டின்னோடு நின்ற ஞாபகமே வந்துவிட்டது. கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து, யாரிடமும் கேட்காமல் முழுப் பாட்டிலையும் தொட்டியில் கொட்டிவிட்டு வேறொன்றை எடுத்துப் போனேன். ரீஸ்லிங்குக்கு வயதாகும்போது டி.டி.என். என்ற பொருள் சேர்ந்து அந்த வாசனை வரும், அதற்காகவே காத்திருந்து குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது தெரியாது. மேலாளர் காலிப் பாட்டிலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். திட்டவில்லை. பாட்டிலைக் கழுவாமல் கார்க்கால் மூடித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார்.