படவரிசையை வீடியோவாக்கும்போது நாம் சொல்ல மறப்பவை

சென்ற வருடம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு நிமிட அனிமேஷன் செய்தேன். நொடிக்கு 24 ஃப்ரேம் (தனிப்படம்), மொத்தம் 1440 பிஎன்ஜி படங்கள். இரண்டு ராத்திரி கணினி ஓடி ரெண்டர் (படங்களை உருவாக்கும் வேலை) முடிந்தது. அவற்றை எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளை எழுதி இயக்கும் வீடியோ மென்பொருளில் கொடுத்து எம்பி4 வீடியோ ஆக்கினேன். ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை. ஆடியோவைச் சேர்த்துப் பார்த்தால், தொடக்கம் சரியாக இருக்கிறது, போகப் போகச் சத்தம் பின்தங்குகிறது. கடைசிக் காட்சியில் கதவு சாத்தி இரண்டு நொடிக்கும் மேல் ஆன பிறகு ‘டமார்’ கேட்கிறது.

ஆடியோ கோப்பைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பாவம், அதன்மேல் தப்பில்லை. ஒரு பிஎன்ஜி கோப்புக்குள் படத்தின் நிறம் இருக்கும், அளவு இருக்கும்; அது திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இருக்காது. நாம் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் நொடிக்கு 25 என்று தானாகவே வைத்துக்கொள்ளும். 1440-ஐ 25-ஆல் வகுத்தால் 57.6 நொடி. காணாமல் போன 2.4 நொடி அங்கேதான் போயிருந்தது.

இந்த வேலையில் நேரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். கட்டளையில் எதையாவது தப்பாக எழுதினால் அது உடனே கத்திவிடும், திருத்திவிடலாம். எழுதாமல் விட்டதை மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும்.

ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, சொல்வது மட்டும் போதாது, இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் கொடுத்தால், படங்களை அந்த வேகத்தில் படிக்கும். பின்னால் கொடுத்தால், 25 என்று படித்துவிட்டு, வெளியே வரும்போது நாம் கேட்ட எண்ணிக்கைக்கு ஆள் சேர்க்கும் அல்லது ஆள் குறைக்கும். 750 மேகப் படங்களைக் கொண்டு டைம்லாப்ஸ் (மெல்ல நகர்வதை வேகமாகக் காட்டும் வீடியோ) செய்கிறோம், 30 என்று பின்னால் எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 நொடியில் முடிய வேண்டிய வீடியோ 30 நொடி ஓடும். 900 ஃப்ரேம் இருக்கும். அதில் 150 வெறும் நகல். ஐந்து படத்துக்கு ஒருமுறை மேகம் லேசாகத் தடுக்கி நிற்கும். பார்க்கிறவருக்கு என்னவோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று தெரியாது. ஒரு படம் மூன்று நொடி நிற்கும் ஸ்லைடுஷோவில் மட்டும் இரண்டு இடத்திலும் எழுதுவது சரி. முன்னால் மூன்றில் ஒன்று (நொடிக்கு 1/3 படம்), பின்னால் 25 அல்லது 30. மிகக் குறைந்த ஃப்ரேம் ரேட்டில் சில பிளேயர்கள் திணறும் என்பதால், அங்கே நகல்கள் வேண்டும் என்றே வைக்கிறோம்.

அடுத்தது எண் வரிசை. 0412-க்கு அடுத்து 0413 இல்லையென்றால் அதோடு வரிசை முடிந்தது என்று எஃப்எஃப்எம்பெக் நினைத்துக்கொள்ளும்; 0414 முதல் 1440 வரை ஒழுங்காக இருந்தாலும் தொடாது. மங்கலான ஒரு படத்தை நடுவில் அழித்தவர்கள் மாட்டுவது இங்கேதான். கேமராவில் 9999 முடிந்து மறுபடி 0001 என்று தொடங்கும்போதும் இதே கதை. முதல் எண் 0 முதல் 4-க்குள் இல்லாவிட்டால் தொடக்க எண்ணையும் தனியாகச் சொல்ல வேண்டும். நான் எதற்கும் ஒரு நகல் எடுத்து, எல்லாவற்றையும் முன்னால் பூச்சியம் போட்டு வரிசையாகப் பெயர் மாற்றிவிடுவேன். பூச்சியம் போடாவிட்டால், அகரவரிசையில் படிக்கும் இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

‘என் கணினியில் ஓடுகிறது, அவர் போனில் ஓடவில்லை’ என்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிக்சல் ஃபார்மட், அதாவது ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கோப்பில் வைக்கும் முறை. பிஎன்ஜி படங்கள் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்று வைப்பவை. அவற்றை எச்.264 என்ற வீடியோ சுருக்க முறைக்கு மாற்றும்போது, ஒன்றும் சொல்லாவிட்டால், நிறத் தகவல் குறையாமல் இருக்கட்டும் என்று, ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தை வைக்கும் 4:4:4 வகையைத் தேர்ந்துகொள்ளும். நல்ல எண்ணம்தான், ஆனால் பெரும்பாலான போன், டிவி, பிரவுசர்கள் எதிர்பார்ப்பது நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல் வைக்கும் 4:2:0. அதனால் ஒய்யூவி 420பி என்று எழுதியே ஆக வேண்டும் (ஒய்யூவி என்பது வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து வைக்கும் முறை). எழுதியதும் அகலமும் உயரமும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் வரும். 1081 வரி உயரப் படம் என்றால் ஒரு வரி வெட்டுங்கள் அல்லது சேருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000க்கு 4000 படத்தை அப்படியே கொடுப்பதும் வம்பு. எச்.264-இன் 5.1 லெவலில் (கருவி எவ்வளவு பெரிய வீடியோவைத் தாங்க வேண்டும் என்ற வரம்பு) ஒரு ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 4096க்கு 2304 அளவுக்குத்தான் இடம். 3840க்கு 2560 என்று சுருக்கினாலும் அதைத் தாண்டிவிடும். மேலும் கீழும் வெட்டி 3840க்கு 2160 ஆக்குவதே நல்லது.

நிறம் மாறுவதுதான் எல்லாவற்றையும்விடக் குழப்பமானது. ரெண்டரில் பார்த்த சிவப்பு ஒன்று, வீடியோவில் வரும் சிவப்பு இன்னொன்று. ஆர்ஜிபியிலிருந்து ஒய்யூவிக்கு மாற்ற ஒரு கணக்கு வேண்டும். அதில் பழைய எஸ்டி (குறைந்த தெளிவு) காலத்து பிடி.601 உண்டு, எச்டிக்கான (உயர் தெளிவு) பிடி.709 உண்டு. எஃப்எஃப்எம்பெக் வழக்கமாக 601 கணக்கைப் போடும். பிளேயரோ, எச்டி அளவில் இருக்கிறதே, 709 ஆகத்தான் இருக்கும் என்று ஊகித்துத் திருப்பிக் கணக்குப் போடும். ஒரு படியில் அளந்து போட்டதை வேறொரு படியில் அளந்து எடுப்பது மாதிரி. ‘இது 709’ என்று கோப்பில் குறிப்பு மட்டும் ஒட்டுகிறவர்கள் உண்டு. அது மூட்டையின் மேல் சீட்டை மாற்றுவதுதான், உள்ளே இருப்பது 601 கணக்கேதான். எஃப்எஃப்எம்பெக்கின் ஸ்கேல் ஃபில்டரில் (படத்தின் அளவையும் நிற முறையையும் மாற்றும் பகுதி) வெளியீட்டு மேட்ரிக்ஸை, அதாவது அந்த நிறக் கணக்கை, 709 என்று கொடுத்து உண்மையிலேயே மாற்ற வேண்டும், குறிப்பும் ஒட்ட வேண்டும். ஜேபெக் படங்களில் இன்னொரு சிக்கல்: அவற்றின் வெளிச்ச அளவு 0 முதல் 255 வரை முழு வீச்சில் இருக்கும், வீடியோவின் வழக்கம் 16 முதல் 235. இதைக் கவனிக்காவிட்டால் கருப்பு சாம்பல் பூசியதுபோல வெளிறும், அல்லது இருட்டுப் பகுதிகள் அப்பிக்கொள்ளும்.

தரத்துக்கு பிட்ரேட்டை (நொடிக்கு எத்தனை பிட் என்பதை) கையால் போடுவது பழைய பழக்கம். அசையாத வானத்துக்கும் அலையடிக்கும் கடலுக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? சிஆர்எஃப் போட்டுவிடுங்கள்; தரத்தை ஒரே சீராக வைக்கும் எண் அது, குறைந்தால் தரம் கூடும். எச்.264 வீடியோ ஆக்கித் தரும் எக்ஸ்264-இல் 23 இயல்பு, 18-இல் பெரும்பாலோர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, 6 குறைத்தால் கோப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. ‘உயர்ந்த தரம்’ என்று 0 போட்டால், இழப்பில்லாத வீடியோ கிடைக்கும், ஆனால் பல கருவிகளில் ஓடாது. ஒரு கோடெக்கின் (வீடியோ சுருக்கியின்) எண்ணை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். எச்.265-க்கான எக்ஸ்265-இல் இயல்பே 28. கோப்பு 30 எம்பியைத் தாண்டக்கூடாது என்பதுபோலக் கட்டாயம் இருந்தால் மட்டும் பிட்ரேட்டும் இரண்டு பாஸும் (வீடியோவை இருமுறை ஓட்டிச் சுருக்குவது). ஒரு நிமிடத்துக்கு அது ஆடியோவையும் சேர்த்து நொடிக்கு 4 மெகாபிட். பிரீசெட்டில் (சுருக்கும் வேகத்தில்) ‘ஸ்லோ’ போதும். அதைவிட மிக மெதுவானதற்கு ‘பிளாசிபோ’ (மருந்தில்லாத போலி மாத்திரை) என்று பெயர் வைத்தவர்களே கேலியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பின்னணி இல்லாத லோகோ அனிமேஷனை வழக்கமான எச்.264-இல் போட்டால் ஒளிபுகும் பகுதி பெரும்பாலும் கருப்பாகிவிடும். அதற்கு, ஒளிபுகும் தன்மையையும் வைத்துக்கொள்ளும் புரோரெஸ் 4444 அல்லது விபி9 கோடெக். இணையத்தில் ஏற்றுவதற்கான எம்பி4 என்றால் ஃபாஸ்ட்ஸ்டார்ட் போடுங்கள், முழுதும் இறங்கும்வரை காத்திருக்காமல் ஓடத் தொடங்கும்.

இப்போதெல்லாம் எந்த வீடியோ முடிந்தாலும் எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் என்ற சோதிப்பானில் மூன்று எண்களைப் பார்க்கிறேன்: எத்தனை ஃப்ரேம், என்ன வேகம், எத்தனை நொடி. அந்த அனிமேஷனைத் திரும்ப எடுத்தபோது 1440, 24, 60 என்று வந்தது. கதவும் சத்தமும் ஒன்றாகச் சாத்தின. பிஎன்ஜி படங்களை அப்புறமும் அழிக்கவில்லை, வேறு டிஸ்க்கில் அப்படியே கிடக்கின்றன.