டிக்கியில் கிடக்கும் சங்கிலி: குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் தாண்டுகிறவர்கள் விடும் பிழைகள்

டிசம்பர் பிறந்தால் என் தொலைபேசி ஓயாது. சூரிச்சிலிருந்து இத்தாலிக்குக் காரில் போகிறோம், எந்தப் பாதை நல்லது என்று கேட்பார்கள். பெரும்பாலும் சுவிஸுக்கு வந்து இரண்டு மூன்று வருடமே ஆன இளங்குடும்பங்கள். பேசப் பேச, நான் அந்தக் காலத்தில் விட்ட பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். விண்டர் டயர் போடுங்கள், மெதுவாக ஓட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரிந்தவர்களும் கோட்டை விடுகிற இடங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

உயரத்தைப் பார்த்துப் பாதை தேர்வது

ஜூலியர் கணவாய் 2,284 மீட்டர். கோட்டார்ட் 2,106 மீட்டர்தான். ஆனால் குளிர்காலம் முழுக்க மூடிக் கிடப்பது கோட்டார்ட், பனி வாரித் திறந்து வைப்பது ஜூலியர். கோட்டார்டுக்கு அடியில் 1980-இல் திறந்த 16.9 கிலோமீட்டர் சுரங்கப்பாதை இருக்கிறது, அதனால் மேலே பனி வார வேண்டியதில்லை. ஜூலியருக்கு அடியில் சாலைச் சுரங்கம் கிடையாது. அந்தப் பக்கம் எங்கடின் பள்ளத்தாக்கில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பாதை வருடம் முழுக்க வேண்டும்.

சான் பெர்னார்டினோவும் கிரேட் செயின்ட் பெர்னார்டும் கோட்டார்ட் மாதிரிதான்: கணவாய் மூடியிருக்கும், சுரங்கம் திறந்திருக்கும். ஸ்ப்ளூகனில் கணவாயும் மூடியிருக்கும், சுரங்கமும் இல்லை. வரைபடத்தில் இத்தாலிப் பக்கத்து ஊரான கியாவென்னாவுக்கு அதுதான் குறுக்குவழி போலத் தெரியும், நம்பிப் போய்விடாதீர்கள். ஜூலியர், சிம்ப்ளோன் போன்ற திறந்த கணவாய்களும் புயல் வந்தால் சில மணி நேரம் மூடப்படும். முதல் நாள் இரவு பார்த்தது போதாது, புறப்படும் காலையிலும் பாருங்கள்.

பனிச்சங்கிலியை வாங்கி டிக்கியில் போட்டுவிட்டு மறந்துவிடுவது

இதைப் பற்றி எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு ஆற்றாமை தீராது. போன வருடமும் ஒரு தம்பியிடம் பனிச்சங்கிலி, அதாவது பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி, பற்றிக் கேட்டேன். “அண்ணை, அது டிக்கியில கிடக்கு, பயமில்லை” என்றார். போட்டுப் பார்த்தீரா என்றால் இல்லை. எந்த டயருக்கு வாங்கியது என்றால் தெரியாது.

பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். கோமோ ஏரிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டோம். ஜூலியர் ஏறி, மலோயா இறங்கி, கியாவென்னா வழியாகப் போவது திட்டம். பிவியோ ஊரைத் தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கியது. வெள்ளை நிறத்தில் சங்கிலி சுற்றிய சக்கரம் வரைந்த நீல வட்டப் பலகையும் எதிரே வந்தது. அந்தப் பலகை போட்டிருந்தால் விண்டர் டயர் இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. கீழே ‘4×4 விலக்கு’ என்று பலகை இருந்து, உங்கள் காரும் நான்கு சக்கரமும் இழுக்கும் காராக இருந்தாலொழிய, சங்கிலி மாட்டித்தான் ஏற வேண்டும்.

ஓரமாக நிறுத்தினேன். சங்கிலிப் பை டிக்கியின் அடியில் கிடந்தது. அதன் மேல் இரண்டு பெட்டி, அரிசிப் பை, பிள்ளைகளின் சறுக்குவண்டி. எல்லாவற்றையும் இறக்கிப் பனியில் வைத்தோம். மனைவி கைபேசி வெளிச்சம் பிடிக்க, கம்பளிக் கையுறையோடு சங்கிலியை விரித்தேன். ஐந்தே நிமிடத்தில் கையுறை நனைந்து விரல் மரத்துப்போனது. சிக்கெடுத்துச் சக்கரத்தைச் சுற்றி இழுத்தால், கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் அரைச் சாணுக்கு மேல் இடைவெளி. எத்தனை இழுத்தும் எட்டவில்லை. அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோடையில்தான் காரை மாற்றியிருந்தேன். சங்கிலி பழைய காரின் 175/65 ஆர்14 டயருக்கு வாங்கியது, புதிய காரில் இருந்ததோ 205/55 ஆர்16.

பின்னால் இரண்டு பிள்ளைகள் அழுகிறார்கள். திரும்பிப் பிவியோவுக்கே இறங்கி, அந்த இரவு அங்கே அறை எடுத்தோம். கடைசி நேரத்து அறைவாடகையில் இரண்டு செட் சங்கிலி வாங்கியிருக்கலாம்.

அதனால் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். காரின் கையேட்டையும் பாருங்கள், சில கார்களில் அகலமான டயரோடு சங்கிலி மாட்டவே கூடாது. எஞ்சின் இழுக்கும் சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும், பெரும்பாலான சிறிய கார்களில் அது முன்சக்கரம். நவம்பரில் ஒருநாள் வீட்டுத் தரிப்பிடத்திலேயே மாட்டிக் கழற்றுங்கள். அப்புறம் ஒருமுறை இருட்டில், ரப்பர் கையுறையோடு. பழகியவருக்குப் பத்து நிமிடம் போதும். மாட்டி நூறு மீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள், தார்ச்சாலை தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். பையைப் பெட்டிகளுக்கு மேலே வையுங்கள்.

ஒரு நாட்டுச் சட்டத்தோடு நான்கு நாடு போவது

சுவிஸில் விண்டர் டயர் பொதுக் கட்டாயம் இல்லை, ஆனால் இல்லாமல் விபத்தில் மாட்டினால் பொறுப்பு உங்கள் தலையில் வரும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் கட்டாயம், டயர்ப் பள்ளம் 4 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஜெர்மனியில் தேதி இல்லை, சாலை நிலைமைதான் கணக்கு. 2024 அக்டோபரிலிருந்து மலையும் பனிச்செதிலும் பொறித்த டயர் மட்டுமே அங்கே செல்லும், வெறும் எம்+எஸ் (சேறு, பனி என்ற பழைய குறி) போதாது. பிரான்சின் மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை விண்டர் டயரோ சங்கிலியோ வேண்டும். இத்தாலியில் பலகை போட்ட சாலைகளில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை.

விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டண வில்லை) ஒட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

முடியாது. ஆஸ்திரியாவின் பிரென்னர் நெடுஞ்சாலைக்கும் கிரேட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கத்துக்கும் தனிக் கட்டணம்.

கோடைக் கண்ணாடி நீர்

சாலை உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்போது தெளிப்பான் உறைந்திருக்கும். உறையாத நீரை இன்றே மாற்றுங்கள்.

சுரங்கத்துக்குள் வேகமாக நுழைவது

கோட்டார்டுக்குள் கோடை மாதிரிச் சூடு. குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு நொடியில் புகை படிந்தது போல மறையும். நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, வைப்பரில் கை வைத்திருங்கள்.

டீசலைச் சமவெளியில் நிரப்புவது

மலையடிவாரத்தில் நிரப்புங்கள், அங்கே விற்கும் டீசல் பெரும்பாலும் கூடுதல் குளிர் தாங்கும். இரவில் மேலே உறையும் ஆபத்து குறையும்.

இரவில் கைப்பிரேக் இழுத்துவிட்டுப் போவது

உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதரையில் கியரில் நிறுத்துங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’.