ரீட் பணம் வந்ததும் இதைச் செய்யுங்கள்

ஆபீஸ் கட்டடம் வாங்கி வாடகைக்கு விட நம்மால் முடியாது. பலரிடம் பணம் திரட்டி அப்படிப்பட்ட கட்டடங்களை வைத்திருந்து, வருமானத்தைப் பிரித்துத் தரும் அறக்கட்டளைதான் ரீட் (REIT). அதன் யூனிட்டைப் பங்கு மாதிரி டீமேட் கணக்கில் ஒன்றே ஒன்றாகக்கூட வாங்கலாம்; 2021-இல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அப்படி மாற்றியது. பிரித்துத் தரக்கூடிய பணத்தில் 90 சதவீதமாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் போயாக வேண்டும்.

சரி, சிக்கல் இனிமேல்தான். வங்கிக் கணக்கில் 600 ரூபாய் விழுந்தால் அதில் வட்டி, டிவிடெண்ட், கடன் திருப்பம் (ரீட் தன் துணை நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் திரும்பி வந்த பணம்) எல்லாம் கலந்திருக்கும். வட்டிக்கு உங்கள் வருமான வரி ஸ்லாப்படி வரி. கடன் திருப்பத்துக்குப் பெரும்பாலும் உடனே வரி இல்லை. ஆனால் யூனிட் வாங்கிய விலையில் அது கழியும், விற்கும்போது லாபம் கூடுதலாகத் தெரியும்.

எதில் எவ்வளவு என்ற இந்த விவரம் மின்னஞ்சலில் வரும், அழிக்காதீர்கள். நான் அழித்துவிட்டு ஜூலையில் ஆடிட்டர் முன்னால் திருதிருவென முழித்தேன்.