ஜூலையில் தொடங்கும் சாம்பியன்ஸ் லீக்: முதல் தகுதிச்சுற்றில் பலரும் தவறாகப் படிப்பவை

2005 மே 25 அன்று இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதியில் ஏசி மிலானை வென்று கோப்பையைத் தூக்கியது இங்கிலாந்தின் லிவர்பூல். சரியாக 49 நாள் கழித்து, அடுத்த பருவத்தின் முதல் தகுதிச்சுற்றில் வேல்ஸின் டிஎன்எஸ் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து லீகில் ஐந்தாம் இடமே கிடைத்ததால் நேரடி நுழைவு இல்லை. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ சிறப்பு அனுமதி கொடுத்தது, ஆனால் வரிசையின் கடைசியில் நிற்கச் சொல்லித்தான். இரண்டு லெக்கும் (ஒரே எதிரணியோடு வீட்டில் ஒன்று, வெளியே ஒன்று என ஆடும் ஆட்டங்கள்) 3-0; முதல் ஆட்டத்தின் மூன்று கோலும் லிவர்பூல் கேப்டன் ஜெரார்டுடையவை. ஆகவே 'அது ஏதோ சின்ன அணிகளின் சுற்று' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது முதல் தவறு. இப்போதைய அமைப்பில் இந்தச் சுற்றில் ஆடும் ஒவ்வொரு அணியும் தன் நாட்டு லீகின் சாம்பியன்.

தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்று நினைப்பது அடுத்தது. 'நாக்-அவுட்' என்ற சொல்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். முதல் தகுதிச்சுற்றில் தோற்கும் சாம்பியன் பொதுவாக, ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகின் இரண்டாம் தகுதிச்சுற்றுக்கு இறங்கும். இரண்டாம் சுற்றில் தோற்றால் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகின் மூன்றாம் தகுதிச்சுற்று; அங்கும் தோற்றால் கான்ஃபரன்ஸ் லீகின் பிளேஆஃப், அதாவது கடைசித் தகுதிச்சுற்று. முதல் இரண்டு சுற்றையும் வென்றுவிட்ட அணிக்கோ, அதற்குப் பிறகு எத்தனை தோற்றாலும் ஏதாவது ஒரு போட்டியின் லீக் கட்டம் (தகுதிச்சுற்றுகளுக்குப் பின் வரும் முதன்மைக் கட்டம்) உறுதி. அதாவது டிசம்பர் வரை ஐரோப்பிய ஆட்டம் உண்டு. ஆனால் முதல் சுற்றிலேயே தோற்ற அணி, கான்ஃபரன்ஸ் லீகில் மூன்று சுற்றுகளையும் வரிசையாக வெல்லவேண்டும். அதற்குக் கீழே விரிக்க வலை இல்லை. ஜூலை ஆட்டத்தின் உண்மையான விலை இதுதான்.

2023-ல் ஃபரோ தீவுகளின் கேஐ கிளாக்ஸ்விக் போன பாதையைப் பார்த்தால் இது விளங்கும். முதல் சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷ் அணியோடு சொந்த மண்ணில் 0-0. பிறகு புடாபெஸ்டுக்கே போய் 3-0 வெற்றி. இரண்டாம் சுற்றில் சுவீடனின் ஹேக்கனைப் பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றது. மூன்றாம் சுற்றில் நார்வேயின் மோல்டேயிடம் தோல்வி, யூரோப்பா பிளேஆஃபில் மால்டோவாவின் ஷெரிஃபிடம் தோல்வி. அடுத்தடுத்து இரண்டு முறை வெளியேறியும் கான்ஃபரன்ஸ் லீகின் குரூப் கட்டத்தில் (இன்றைய லீக் கட்டத்தின் அன்றைய வடிவம்) போய் உட்கார்ந்தது. ஃபரோ அணி ஒன்று அந்தக் கட்டத்தை எட்டியது அதுவே முதல் தடவை.

அதே கதையில் குலுக்கல் பற்றிய பாடமும் இருக்கிறது. முதல் சுற்று ஆட்டங்கள் தொடங்கும் முன்பே இரண்டாம் சுற்றுக்கான குலுக்கல் முடிந்துவிடும். யார் வெல்வார் என்று தெரியாத நிலையில் ஒரு ஜோடியை எந்தச் சட்டியில் (பலமானவை ஒன்றில், மற்றவை இன்னொன்றில்) போடுவது? அந்த இரண்டு அணிகளில் யாருடைய கோஎஃபிஷியன்ட் (முந்தைய ஐரோப்பிய ஆட்ட முடிவுகளை வைத்துத் தரும் மதிப்பெண்) அதிகமோ, அந்த எண்ணை ஜோடிக்கே கொடுத்துவிடுவார்கள். ஃபெரென்ஸ்வாரோஷின் எண்ணால் கிடைத்த சீடட் இடம் (பலமான அணிகளின் சட்டி), அவர்களை வீழ்த்திய கிளாக்ஸ்விக்குக்கு அப்படியே வந்து சேர்ந்தது. பெரிய அணியை வென்ற சின்ன அணிக்கு அடுத்த சுற்றில் அதைவிடப் பெரிய அணி காத்திருக்கும் என்று எழுதுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை.

அணியின் பலத்தைப் போன பருவத்தின் புள்ளிப் பட்டியலை வைத்து அளப்பதும் ஏமாற்றும். ஃபரோ, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன், அயர்லாந்துக் குடியரசு, பால்டிக் நாடுகள் ஆகியவற்றின் லீகுகள் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிபவை. ஜூலையில் அந்த அணிகள் பருவத்தின் நடுவில், கால் சூட்டோடு இருக்கும். எதிரில் நிற்கும் அணியோ விடுமுறை முடிந்து சில வாரப் பயிற்சியோடு, பாதி ஒப்பந்தங்கள் கையெழுத்தாகாமல் வந்திருக்கும். ஊகத்துக்கு முன்னால் இரு நாட்டு லீகின் நாட்காட்டியைப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் லெக்கில் 1-0 வென்றால் போதும் என்ற நிம்மதியும் ஆபத்து. 2017-ல் யூரோப்பா லீகின் முதல் தகுதிச்சுற்றில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் லக்சம்பர்க்கின் புரோக்ரெஸ் நீடர்கோர்ன் அணியை வீட்டில் 1-0 வென்றது. அங்கே போய் 0-2 தோற்று வெளியேறியது. அதுவரை ஐரோப்பியப் போட்டியில் ஒரு ஆட்டமும் வென்றிராத அணி நீடர்கோர்ன். இதோடு ஒட்டி இன்னொரு பழைய பழக்கம்: மொத்தம் சமனானால் எதிரணி மைதானத்தில் அடித்த கோலை இன்னும் இரட்டிப்பாகக் கணக்கிடுவது. 2021-22 பருவத்திலிருந்து அந்த விதி இல்லை. மொத்தக் கோல் சமன் என்றால் 30 நிமிடக் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி.

கிளப்புகளே செய்யும் தவறுகளில் மிகக் கொடியது காகிதத்தில் நடப்பது. 2014-ல் போலந்தின் லெகியா வார்சா, மூன்றாம் தகுதிச்சுற்றில் ஸ்காட்லாந்தின் செல்டிக்கை 4-1, 2-0 என்று நசுக்கியது. எடின்பரோவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் லெகியாவின் பெரெஷின்ஸ்கி மாற்று வீரராக இறங்கினார். முந்தைய பருவத்தில் வாங்கிய சிவப்பு அட்டைக்கு அவருக்கு மூன்று ஆட்டத் தடை இருந்தது. இரண்டாம் சுற்றின் இரண்டு ஆட்டம், செல்டிக்குடனான முதல் ஆட்டம்: தண்டனை முடிந்தது என்று லெகியா கணக்குப் போட்டது. ஆனால் இரண்டாம் சுற்றுக்கு யூஈஎஃப்ஏவிடம் கொடுத்த வீரர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. பட்டியலில் இல்லாதவர் வெளியே உட்கார்ந்தால் அது தடை அனுபவித்ததாகாது. அந்த இரண்டாம் ஆட்டம் செல்டிக்குக்கு 3-0 என்று வழங்கப்பட்டது. மொத்தம் 4-4, அன்று இருந்த எதிரணி மைதானக் கோல் விதியால் லெகியா வெளியே. தடையில் உள்ளவரை ஆடவிடப்போவதில்லை என்றாலும் அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்தே ஆகவேண்டும். முதல் சுற்றில் இது அதிகம் சறுக்கும் இடம். போன பருவத்துத் தடைகள் எல்லாம் நிலுவையில் வந்து நிற்பது அப்போதுதான்.

'சொந்த மைதானம்' என்பதையும் அப்படியே நம்பவேண்டாம். இருக்கை, விளக்கு, பாதுகாப்பு தரம் எட்டாத மைதானமுள்ள கிளப் வேறு ஊரில் ஆடவேண்டியிருக்கும். டிஎன்எஸ் கூட லிவர்பூலை ரெக்ஸ்ஹாமின் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்தான் வரவேற்றது.

புள்ளிவிவரம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று: ரொனால்டோவின் 140 சாம்பியன்ஸ் லீக் கோல்களில் 2005-ல் டெப்ரெசென் அணிக்கு எதிரான தகுதிச்சுற்று கோல் சேராது, அதையும் கூட்டினால் 141. எந்த எண்ணைச் சொல்கிறோம் என்று பக்கத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு நேரக் குழப்பம் வேறு: மத்திய ஐரோப்பாவில் செவ்வாய் இரவு 9 மணி என்றால் நமக்குப் புதன் அதிகாலை 12.30.