ஹீலா மான்ஸ்டரைப் பாலைவனத்தில் காண்பது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் வாழும் ஹீலா மான்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லி, வாழ்நாளின் பெரும்பகுதியை வளைகளிலும் பாறை இடுக்குகளிலுமே கழிப்பதால், அதைக் காண விரும்புவோர் காலத்தையே முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதங்களின் காலைப்பொழுது சிறந்தது. கோடைமழைக்குப் பின் இரவிலும் அது வெளிவருவதுண்டு. சகுவாரோ கள்ளிகள் நிற்கும் பாறைச் சரிவுகளிலும் வறண்ட ஓடைக்கரைகளிலும் தேடலாம். கருப்பும் இளஞ்சிவப்பும் கலந்த, மணி கோத்தாற்போன்ற செதில்களும், கொழுப்பைச் சேமிக்கும் தடித்த வாலும் அதன் அடையாளங்கள். பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி மண்ணைத் தடவியபடி நடக்கிறதென்றால், பெரும்பாலும் அது காடை முட்டைகளையோ முயல் குட்டிகளையோ தேடுகிறது.

சில மீட்டர் விலகியே நில்லுங்கள். அதன் மந்தமான நடையை நம்பிக் கை நீட்டுவது பேதைமை. நச்சுச் சுரப்பி கீழ்த்தாடையில் இருப்பதால், கவ்விய பிடியை விடாமல் அது மெல்லும்போது, பற்களின் பள்ளங்கள் வழியே நஞ்சு காயத்தில் இறங்கும். கடிபட்டால் தாமதமின்றிப் பிடியை விடுவித்து, காயத்தைக் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதற்கென முறிமருந்து கிடையாது. அரிசோனாவில் 1952 முதல் இதற்குச் சட்டப் பாதுகாப்பு உள்ளதால், பிடித்துப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.