ஐம்பதுக்கு மேல் ஓடத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஐம்பது வயதைக் கடந்து ஓடத் தொடங்குகிறவர்கள் மூச்சு வாங்குவதை எண்ணியே அஞ்சுகிறார்கள். ஆனால் அவர்களைப் பாதியில் உட்கார வைப்பது பெரும்பாலும் குதிகாலும் முழங்காலும்தான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும், தசைநாண்களும் எலும்புகளும் பழகப் பல மாதங்கள் பிடிக்கும். ஆகவே 'இன்னும் கொஞ்சம் ஓடலாம்' என்று மூச்சு இடம் கொடுக்கிற நாளில்தான் கால் காயப்படுகிறது. கீழே உள்ள முறை அந்த ஆசையைக் கட்டுக்குள் வைப்பதற்கானது.

முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளைமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின்போது சர்க்கரை திடீரென இறங்கலாம் என்பதால், மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு, சட்டைப் பையில் நான்கு குளுக்கோஸ் மிட்டாயும் வைத்திருக்க வேண்டும். ஓடும்போது நெஞ்சிலோ தாடையிலோ இடக்கையிலோ இறுக்கம் தோன்றினால் உடனே நின்று மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாயுத் தொல்லை என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்தது காலணி. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குச் சென்று, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, ஓட்டத்துக்கென்றே செய்த ஷூவை வாங்குங்கள். விலை அதிகமானது காலுக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை, கோவையில் இருப்பவர்களுக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதை இருக்கிறது. காலிங்கராயன், கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால்களை ஒட்டிய ஊர்களில் சமமான மண் தடம் உள்ள கரைப் பகுதி கிடைத்தால் அதுவே என் தேர்வு. இருட்டில் கல்லும் பாம்பும் கண்ணுக்குத் தெரியாது என்பதால், வெளிச்சம் வரும் வரை டார்ச் தேவை. நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாமல், நின்று, மெதுவாக நடந்து கடப்பதே நல்லது.

இனி ஓட்டம். ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிய பின், ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதை எட்டு முறை செய்து, ஐந்து நிமிட நடையோடு முடியுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். இரண்டு ஓட்ட நாள்களுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். அடியைக் குறுகலாக வைத்து, பாதம் உடலுக்குக் கீழேயே ஊன்றும்படி ஓடுங்கள். வேகத்தை அளக்கக் கைக்கடிகாரமும் வேண்டியதில்லை. எதிரே பால் கேனுடன் வருகிறவர், "ஏனுங்க, இத்தன காலைல எங்கீங்க ஓடறீங்க?" என்று கேட்டால், ஓடிக்கொண்டே முழு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். "சும்மாங்க" என்பதற்கு மேல் வாய் வரவில்லையென்றால் வேகம் அதிகம்.

இரண்டு வாரத்துக்குப் பின் இரண்டு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக ஆறு முறை. மேலும் இரண்டு வாரம் கழித்து மூன்று நிமிட ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாக ஆறு முறை. அதன்பின் ஐந்துக்கு ஒன்று என நான்கு முறை. கவனித்தால், நடுவில் உள்ள 24 நிமிடம் எந்தக் கட்டத்திலும் கூடுவதில்லை. கால் வலித்தால் அதே கட்டத்தில் இன்னும் இரண்டு வாரம் இருங்கள்.

எந்த வலிக்கு நிற்பது, எதைப் பொறுப்பது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். இரண்டு தொடையிலும் பரவலாக இருந்து இரண்டு நாளில் தணியும் வலி இயல்பானது. ஒரு காலில் மட்டும், விரலை வைத்துக் காட்டும்படி ஓரிடத்தில், குறிப்பாக எலும்பின் மேல் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைவதால் இதில் கூடுதல் கவனம் தேவை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலின் அடிப்பக்கம் குத்தினால், அது பாதத்தின் அடித்திசு எரிச்சலுற்றதற்கான அறிகுறியாக இருக்கலாம்.

இதைத் தவிர்க்க, ஓடாத நாள்களில் இரண்டு நாள் வாசற்படியில் முன்பாதத்தை மட்டும் வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக உயர்த்தி அதைவிட மெதுவாக இறக்குங்கள். பதினைந்து முறையாக மூன்று சுற்று. ஓட்டத்தைவிட இது சலிப்பானது, ஆனால் பின்கால் தசைக்கும் அதன் நாணுக்கும் வலுவூட்டுவதில் இதற்கு ஈடு இல்லை.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசும் மாதங்களில், பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் இருப்பவர்கள் முதலில் மேற்கு நோக்கிக் காற்றை எதிர்த்து ஓடி, களைத்த பின் காற்று முதுகில் இருக்கும்படி திரும்பலாம். ஈரோடு, கரூர் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குள் இருப்பது நல்லது.

ஐந்து நிமிட ஓட்டம் இயல்பாக வந்த பிறகு, ஓட்டப் பகுதியை இரண்டு வாரத்துக்கு இரண்டு நிமிடம் வீதம் நீட்டி அரைமணி நேரத் தொடர் ஓட்டம் வரை கொண்டுசெல்லலாம். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் எண்ணமிருந்தால் அதுவரை பொறுத்திருங்கள். முதல் முறை ஐந்து கிலோமீட்டருக்கு மேல் எழுதிக் கொடுக்காதீர்கள்.