பச்சிளங் குழந்தைக்கு மஞ்சள் காமாலை: கண்ணளவை நம்பிச் செய்யும் தவறுகள்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கும், குறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கும் முதல் வாரத்தில் தோல் மஞ்சளிக்கிறது. சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் என்னும் நிறமியை முழுவதும் வெளியேற்றும் அளவுக்குக் கல்லீரல் இன்னும் முதிராததே இதற்கு முக்கியக் காரணம். பெரும்பாலும் இது தானாகவே மறைந்துவிடும் என்பது உண்மைதான்; அந்த உண்மையே பலரை அசட்டையாகவும் இருக்கச் செய்துவிடுகிறது.

மஞ்சள் எப்போது தொடங்கியது என்பதைக் கவனிக்காமல் விடுவது முதல் தவறு. இயல்பான காமாலை இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில்தான் தலைகாட்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்தால், தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை ஒவ்வாமல் இருக்கக்கூடும் என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அளவைக் கண்ணால் மதிப்பிடுவதும் ஆபத்தானது. பகல் வெளிச்சத்தில் மூக்கு நுனியை விரலால் லேசாக அழுத்தி எடுத்தால், ரத்தம் திரும்புவதற்கு முன் தோலின் மஞ்சள் ஒரு கணம் தெரியும். கருநிறத் தோலில் அதுவும் தெளிவாகத் தெரியாது. எவ்வளவு இருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையோ, தோலில் வைத்து அளக்கும் கருவியோதான் சொல்ல முடியும். அளவு மிகவும் கூடினால் பிலிரூபின் மூளையைத் தாக்கி, காது கேளாமை போன்ற நிரந்தரப் பாதிப்பை உண்டாக்கும். பால் குடிக்க மறுத்தல், கீச்சென்ற அழுகை, உடலை வில்லாக வளைத்தல் ஆகியவை அந்த ஆபத்தின் அறிகுறிகள்.

வெயிலில் காட்டினால் போதும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வேர் இருக்கிறது. 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் செவிலியர் ஜீன் வார்டு வெயிலில் கொண்டுபோய் வைத்திருந்த குழந்தையின் உடலில், துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததைக் கண்டதிலிருந்துதான் ஒளிச்சிகிச்சை வளர்ந்தது. ஆனால் இன்று தரப்படுவது 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான, அளந்து செலுத்தும் நீல ஒளி. வெயிலுக்கு அளவில்லை, தோல் கன்றும், ஆடையில்லாத உடல் குளிரும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிகிச்சை தாமதமாகும்.

தாய்ப்பாலை நிறுத்திச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது நிலைமையை மோசமாக்கும். பிலிரூபின் மலத்தோடுதான் வெளியேறுகிறது. பால் குறைந்தால் மலமும் குறைந்து, குடலில் இருப்பது மீண்டும் ரத்தத்தில் சேரும். தூங்கும் குழந்தையை எழுப்பியாவது நாளுக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும்.

இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்தால், மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறதா, சிறுநீர் அடர்மஞ்சளாகத் துணியில் கறைபடுகிறதா என்று பாருங்கள். பித்தநாள அடைப்பாக இருந்தால், பிறந்து 60 நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்யும்போதுதான் பலன் அதிகம்.